பிறேக் ஒயில் என்பது ஒயில் அன்று

எம்மவர் நாவில் ‘பிறேக் ஒயில்’ என்ற சொல் நிலைத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. ஊரில் அப்படித்தான் சொன்னோம். ரொறன்ரோவுக்கு வந்த பின்னரும் அப்படித்தான் சொல்கிறோம். பெயரிற் பிழை இருந்தாலும் பொருள் விளங்கினாற் போதாதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அனேகமான சொற்களுக்கு அது போதும். இந்தச் சொல்லுக்கு மட்டும் போதாது. ‘ஒயில் குறைந்துவிட்டது, கொஞ்சம் விடு’ என்று தகப்பனார் சொல்ல, கராஜ் மூலையிற் கிடக்கும் இயந்திர ஒயிலை எடுத்து மகன் அந்தச் சிறு குடுவைக்குள் ஊற்றிவிட்டால், வாகனத்தின் கிளச் பழுதாகும். சில வாகனங்களில் பிறேக்கும் சேர்ந்தே பழுதாகும். அது எவ்வாறு என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இவ்வாரம் இப்பத்தியில் நாம் எடுத்துக்கொண்ட பொருள், ஸ்போர்ட்ஸ் கார்களின் கிளச்சை இயக்கும் திரவத்தைப் பேணும் முறை. ‘இது என்ன எமக்குப் பொருத்தமான பொருளா?’ என்று முகஞ் சுளிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவோம். குடும்பத்திற்கு ஒரு வான் போதும், கியர் மாற்றும் தொல்லையற்ற வாகனம் போதும் என்பது அவர்களுடைய நியாயமான கட்சி. ஆயினும், ஸ்காபரோவிலும் மாக்கத்திலும் ஏஜக்ஸிலும் எமது வீடுகளின் முன்னால் பழைய மஸ்டா மியாற்றாவும் செவர்லே கமாறோவும் நிற்பதை எவரும் காணலாம். பிள்ளைகள் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய வாகனங்கள் அவை. அவற்றில் மூன்று மிதிகள் உண்டு. அந்த மூன்றாவது மிதியின் பின்னால் என்ன இருக்கிறது என்பதை வாங்கிய பிள்ளையும் அறியாது. திட்டுகின்ற தகப்பனும் அறியார்.

முதலிற் பெயரின் வரலாறு. திரவ அழுத்தத்தால் இயங்கும் பிறேக்குகள் 1920களில் கார்களுக்கு வரத் தொடங்கிய காலத்தில், அவற்றுள் ஊற்றப்பட்டது ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் சேர்ந்த கலவையே ஆகும். அக்காலத்து றப்பர் சீல்களை மண்ணிலிருந்து எடுக்கும் கனிய எண்ணெய் ஊதச் செய்து கெடுத்துவிடும். ஆமணக்கெண்ணெய் அவ்வாறு கெடுக்காது. ஆகவே ‘ஒயில்’ என்ற பெயரில் அன்று ஓரளவு உண்மை இருந்தது. பின்னர் ஆமணக்கெண்ணெய் போய், கிளைக்கோல் ஈதர் எனப்படும் இரசாயனங்களைக் கொண்ட திரவம் வந்தது. இன்று போத்தல்களில் விற்பனையாவது பெரும்பாலும் இதுவே. இதில் எண்ணெய்ப் பசை இருப்பதுபோற் கைக்குத் தோன்றும். உண்மையில் இது தண்ணீருடன் இரண்டறக் கலக்கும் பொருள். தண்ணீருடன் கலக்கும் என்ற இந்த ஒரு குணத்திலிருந்தே இதன் எல்லாத் தொல்லைகளும் பிறக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் வாகனம் ஓட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதியதன்று. மொறிஸ் மைனரின் கிளச் இரும்புத் தண்டுகளால் இயங்கியது. அதன் பிறேக் மட்டுமே திரவத்தால் இயங்கியது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜில் கிளச்சும் திரவத்தாலேயே இயங்கியது. அந்தக் கேம்பிறிட்ஜின் ஏ50, ஏ55 மாதிரிகளில் இருந்த 1489 கன சென்ரிமீற்றர் இயந்திரமும், 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற புகழ்பெற்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின் இயந்திரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. எம்.ஜி.ஏ.யின் கிளச்சும் திரவக் கிளச்சே. கல்யாண வீட்டுக்கும் ஆசுப்பத்திரிக்கும் ஓடிய வாடகைக் காருக்குள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உறவினர் ஒளிந்திருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பின்னர், அந்தக் கார்கள் சில துளி பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடிய கதையை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வாசகர்களிற் பலர் அதன் புகையைச் சுவாசித்தவர்கள். புதிய உதிரிப்பாகம் கிடைக்காத இடத்தில், இருக்கிற பாகம் கெடாமற் பார்ப்பதே வைத்தியம் என்று வாழ்ந்தவர்கள் எமது மெக்கானிக்மார். இங்கு எல்லாப் பாகமும் மறுநாளே வந்து சேரும். அதனாற்றான் பேணுதல் என்ற எண்ணமே எம்மிடையே அருகிவிட்டது என்பது எமது கருத்து.

கிளச் எவ்வாறு இயங்குகிறது? அடைத்த பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்டறிந்தார். கிளச் மிதியை மிதித்தால், அதன் மறுமுனையில் உள்ள மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் ஒடுங்கிய குழாய் வழியே சென்று கியர்ப் பெட்டியருகே உள்ள இன்னொரு சிலிண்டரைத் தள்ள, அது கிளச்சைப் பிரிக்கிறது. இந்த இரண்டாவது சிலிண்டருக்கு ‘ஸ்லேவ்’, அதாவது அடிமை, என்று பெயரிட்டிருக்கிறார்கள். எசமான் தள்ள அடிமை வேலை செய்வதாம். பெயர் சூட்டியவர்களின் மனம் எப்படிப்பட்டதோ, பழுதடைவதிலும் பெரும்பாலும் அடிமையே முந்திக்கொள்கிறது.

திரவம் சுருங்காது, காற்றும் நீராவியும் சுருங்கும். குழாய்க்குள் ஒரு சிறு காற்றுக் குமிழி இருந்தாலும் உங்கள் காலின் பலம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். மிதி தளரும், கிளச் முழுமையாகப் பிரியாது, முதலாம் கியரும் பின்செல்லும் கியரும் நறநறவென்று சத்தமிட்டு விழும்.

இனித் தண்ணீரின் கதைக்கு வருவோம். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். குடுவையின் மூடி வழியாகவும் றப்பர்க் குழாயின் சுவர் வழியாகவும் ஈரம் உட்புகும். வட அமெரிக்க நியமப்படி புதிய ‘டொட் 3’ திரவம் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதியாமல் நிற்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகையாக இறங்குகிறது. ‘டொட் 4’ திரவத்திற்கு இவ்வெல்லைகள் 230, 155 பாகைகள். வைகாசி முதல் புரட்டாதி வரை ஒன்ராறியோ ஏரிக்கரையில் வீசும் ஈரக் காற்றையும், டொன் வலி பார்க்வேயில் மாலை வேளை ஊர்ந்து செல்லும் நெரிசலில் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கிளச்சை மிதிக்கிறோம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். கியர்ப் பெட்டியும் சூடு, கிளச்சும் சூடு, இடையில் ஈரம் உறிஞ்சிய திரவம்.

குளிர்காலம் வேறு விதமான கேடு. ஸ்போர்ட்ஸ் காரை உப்பு வீதியில் ஓட்ட மனமில்லாமல் கார்த்திகையில் மூடிவைத்துச் சித்திரையில் எடுப்பவர்கள் பலர். அந்த ஐந்து மாதமும் பழைய திரவத்திலுள்ள தண்ணீர் சிலிண்டரின் உட்சுவரைச் சும்மா விடுவதில்லை. அங்கு துருவும் அரிப்பும் புள்ளி புள்ளியாகத் தோன்றும். சித்திரையில் முதன்முறை மிதிக்கும்போது றப்பர் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் உரசிக் கிழியும். ‘நன்றாகத்தானே நிறுத்தினேன், எப்படிப் பழுதானது?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. ஆகவே திரவத்தை வசந்தத்தில் மாற்றுவதைவிட, மூடிவைப்பதற்கு முன்னர் மாற்றுவதே சிறந்தது என்போம். நிறுவனங்களின் கைநூல்கள் பலவற்றில் பிறேக் திரவத்துக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு என்று தவணை எழுதியிருக்கும். கிளச் திரவத்தைப்பற்றிப் பேச்சே இராது. கடுமையாக ஓட்டப்படும் காருக்கு ஆண்டுக்கொரு முறை, மற்றவற்றுக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

மூன்றாவது கேடு தூசி. இது எல்லாக் கார்களுக்கும் ஒரே மாதிரியானதன்று. 1989 மாசி மாதம் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான மஸ்டா மியாற்றாவில், ஸ்லேவ் சிலிண்டர் கியர்ப் பெட்டியின் வெளிப்புறத்தில் இரண்டு ஆணிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. அது ஒழுகுவது வழக்கந்தான். ஆனால் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம். கொர்வெற்றிலும் கமாறோவின் பிற்கால வி-8 மாதிரிகளிலும் அது கியர்ப் பெட்டிக்கு முன்னால், தண்டைச் சுற்றி மோதிரம்போல் உள்ளேயே அமைந்திருக்கிறது. கிளச் தேய்ந்து பறக்கும் தூசி சீலின் இடுக்கு வழியாகத் திரவத்திற் கலந்துவிடும். திரவம் கறுத்துச் சேறாகும். சேறு சீலைத் தின்னும். வேகமாக இயந்திரத்தைச் சுழற்றிக் கியர் மாற்றும் வேளையில் மிதி தரையோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வராமல் நிற்பதற்கு, கொர்வெற் வைத்திருப்போர் பெரும்பாலும் காரணங் காட்டுவது இந்த அழுக்குத் திரவத்தையே. அந்தச் சிலிண்டரை மாற்ற வேண்டுமாயின் கியர்ப் பெட்டியையே கழற்ற வேண்டும். பாகத்தின் விலை சிறியது, கூலி பெரியது. பத்து இருபது டொலர் திரவத்தைப் பாராமல் விட்டவர் அந்தக் கூலியைக் கொடுக்கிறார்.

கமாறோவைப்பற்றி இடையில் ஒரு வார்த்தை. அதை அமெரிக்கக் கார் என்றே எல்லோரும் எண்ணுகின்றனர். 1993 முதல் 2002 வரையிலான மாதிரிகள் கியூபெக்கின் சான்ற் தெரேஸ் ஆலையிலும், 2009 முதல் 2015 வரை எமது அயலிலுள்ள ஒஷாவாவிலும் அவை கட்டப்பட்டன. எமது வீட்டுவாசலில் நிற்கும் பழைய கமாறோ எம்மைவிட நெடுங்காலம் கனேடியனாக இருந்திருக்கக்கூடும்.

குடுவையை எவ்வாறு வாசிப்பது என்பது பலரும் தவறாக விளங்கிக்கொண்ட விடயம். பிறேக் கட்டைகள் தேயத் தேயப் பிறேக் குடுவையின் மட்டம் மெல்ல இறங்கும், அது இயல்பு. கிளச்சில் நடப்பது நேர்மாறு. கிளச் தட்டுத் தேயும்போது ஸ்லேவ் சிலிண்டர் பின்னோக்கித் தள்ளப்படுவதால் திரவம் குடுவைக்குத் திரும்புகிறது; மட்டம் சிறிது ஏறுகிறது. ஆகவே கிளச்சுக்கென்று தனிக் குடுவை உள்ள காரில் மட்டம் இறங்கினால் அதற்கு ஒரே பொருள்தான்: எங்கோ ஒழுகுகிறது. ‘கொஞ்சம் குறைந்திருந்தது, நிரப்பிவிட்டேன்’ என்று சொல்லித் திருப்திப்படுவது நோயை மூடிவைப்பதாகும். ஓட்டுநரின் காலடிக் கம்பளத்தை உயர்த்தி மிதியின் மேற்பகுதியில் ஈரமுண்டா என்று பாருங்கள். அங்கிருந்தால் மாஸ்டர் சிலிண்டர். கியர்ப் பெட்டியின் முன்புற அடிப்பாகத்தில் ஈரமிருந்தால் ஸ்லேவ் சிலிண்டர்.

தொடக்கத்திற் குறிப்பிட்ட அபாயம் இங்குதான் இருக்கிறது. பல ஐரோப்பியக் கார்களிலும் புதிய கார்கள் சிலவற்றிலும் கிளச்சுக்குத் தனிக் குடுவை கிடையாது. பிறேக் குடுவையின் பக்கத்திலிருந்தே ஒரு சிறு குழாய் கிளச்சுக்குச் செல்கிறது. அந்தக் குழாய் பொதுவாகச் சற்று மேலே பொருத்தப்பட்டிருக்கும். கிளச் ஒழுகித் திரவம் போனாலும் பிறேக்குக்குரிய பங்கு அடியில் எஞ்சுவதற்கான ஏற்பாடு அது. இதன் மறுபக்கத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். பிறேக் ஒழுகி மட்டம் இறங்கும்போது முதலிற் சாகும் உறுப்பும் கிளச்சே. இத்தகைய காரிற் கிளச் திடீரென்று செயலிழந்தால், கிளச்சை ஏசுவதற்கு முன்னர் பொனற்றைத் திறந்து பிறேக் குடுவையைப் பார்ப்பது உயிர்காக்கும் வேலை. அப்படிப்பட்ட குடுவைக்குள் இயந்திர ஒயிலை ஊற்றினால், நான்கு சில்லுகளின் பிறேக் சீல்களும் ஊதிப் பழுதாகும். ஊற்றிவிட்டதை உணர்ந்தால் இயந்திரத்தைக் கிளப்பாமலும் மிதியைத் தொடாமலும் நிறுத்தி, வாகனத்தை இழுத்துச் செல்வதே வழி.

வாங்கும்போது குடுவையின் மூடியில் எழுதியிருப்பதையே நம்புங்கள். ‘டொட் 3’, ‘டொட் 4’, ‘டொட் 5.1’ ஆகியன ஒரே குடும்பம்; ஒன்றோடொன்று கலக்கும். ‘டொட் 5’ மட்டும் சிலிக்கோன் திரவம்; ஊதா நிறம்; மற்றவற்றோடு சேராது. 5க்கும் 5.1க்கும் இடையில் ஒரு புள்ளியைக் கொண்டு இரண்டு சாதிகளைப் பிரித்த அறிவாளி யாரென்று தெரியவில்லை! முத்திரை உடையாத போத்தலை வாங்குங்கள். சென்ற ஆண்டு பாதி பாவித்துக் கராஜில் வைத்த போத்தல் தானாகவே ஈரத்தைக் குடித்திருக்கும். அதைக் காருக்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய இலகுவான முறை ஒன்று உண்டு. குடுவையைச் சுற்றித் துடைத்து, மூடியைத் திறந்து, ஊசியில்லாத பெரிய சிறிஞ்சினால் பழைய திரவத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். உள்ளே படிந்த கறுப்பைச் சுத்தமான துணியால் துடைத்துப் புதிய திரவத்தைக் குறியீடு வரை நிரப்பி, மூடியை இட்டு, மிதியை இருபது முப்பது தடவை முழுமையாக மிதித்துவிட வேண்டும். சில நாள் ஓட்டிய பின்னர் மீண்டும் அவ்வாறே. குடுவையில் திரவம் தேன் நிறத்தில் நிற்கும்வரை இதைத் தொடரலாம். காரை உயர்த்த வேண்டியதில்லை. குழாயைத் திறக்க வேண்டியதில்லை. கொர்வெற் வைத்திருப்போரிடையே இம்முறை பெரிதும் போற்றப்படுகிறது. எமது மதிப்பீட்டில் இது வாய் கொப்பளித்தல், குளித்தலன்று. அடியிற் சிலிண்டரில் தங்கிய அழுக்கு முழுமையாக வராது. ஆனால் அடிக்கடி வாய் கொப்பளிப்பவர், ஒருபோதும் குளிக்காதவரைவிட மேலானவர்.

முழுமையாக மாற்ற இருவர் வேண்டும். ஒருவர் மிதியில், மற்றவர் கீழே. காரை ஜக்கினால் உயர்த்திய பின்னர் உறுதியான தாங்கிகளின் மேல் இறக்காமல் எவரும் கீழே நுழையலாகாது. ஜக்கை மட்டும் நம்பிக் கீழே படுப்பது தற்கொலைக்குச் சமம். ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள சிறு வால்வில் ஒளிபுகும் குழாயை மாட்டி, மறுமுனையைப் புதிய திரவம் கொஞ்சம் விட்ட போத்தலில் அமிழ்த்த வேண்டும். மேலேயிருப்பவர் ‘மிதிச்சிட்டன்’ என்றதும் வால்வைத் திறந்து, திரவம் ஓடி நிற்கையில் மூடி, அதன் பின்னரே ‘விடு’ என்று சொல்ல வேண்டும். மூடுமுன் மிதியை விட்டால் காற்று உள்ளே போகும். சில கார்களில் மிதி தானாக எழும்பாது, கையாற் தூக்கவேண்டும். இவ்வேலை முழுவதிலும் மேலேயுள்ள குடுவை வற்ற விடக்கூடாது. வற்றினால் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். ஊரில் வாகனத்தோடு பழகிய தகப்பன்மார் மிதியில் உட்கார ஏற்றவர்கள். அவர்களுக்கு இந்த ஓசை மறந்திராது.

திரவம் காரின் வர்ணத்தை உரித்துவிடும். ஒரு துளி சிந்தினாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்; துடைத்தால் மட்டும் போகாது. கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

நெடுஞ்சாலை 401இல் மிதி தரையோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? பதற வேண்டாம். காலின் நுனியால் மிதியை மேலே இழுத்து, இரண்டு மூன்று தடவை மிதித்துப் பாருங்கள். பயனில்லையெனில் எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுக்கும் அதே கணத்தில் கியர்த் தடியை நடுநிலைக்கு இழுங்கள். கிளச் இல்லாமலும் அது வந்துவிடும். பிறேக் தனியே வேலைசெய்யும். வலப்பக்க ஓரத்துக்கு வந்து நின்ற பின்னரே சாவியைத் திருப்புங்கள். ஓடும்போது இயந்திரத்தை நிறுத்தினால் சுக்கானும் பிறேக்கும் கல்லாகிவிடும்.

கராஜில் கொடுத்துச் செய்விப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, திருத்த வேலைக்கு முன்னர் எழுத்து மூலமான மதிப்பீட்டைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமையுண்டு. இறுதிக் கணக்கு அந்த மதிப்பீட்டை 10 சதவீதத்திற்கு மேல் தாண்டலாகாது. கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேட்கலாம். புதிய பாகத்துக்கும் கூலிக்கும் 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. ‘எங்கட ஆள்தானே’ என்று எழுத்தில்லாமற் கொடுத்துவிட்டு, பின்னர் கோயிலில் கண்டும் காணாததுபோற் போகும் நிலைமை இரு தரப்புக்கும் நல்லதன்று. வேலை கொடுக்கும்போது ‘கிளச் திரவத்தையும் மாற்றுங்கள்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். ‘பிறேக் திரவம் மாற்றினோம்’ என்று பற்றுச்சீட்டில் இருந்தால் கிளச்சிலும் மாற்றியதாகப் பொருளாகாது. குடுவை ஒன்றாயிருந்தாலும் வால்வு வேறு.

எடுத்த பழைய திரவத்தைத் தெருவோர வடிகாலில் ஊற்றக் கூடாது. மூடியுள்ள போத்தலில் அடைத்து, உள்ளிருப்பது என்னவென்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, வீட்டு அபாயகரக் கழிவுகளை ஏற்கும் நகரசபை நிலையத்திற் கொடுக்கலாம். பழைய இயந்திர ஒயிலைக் கொடுப்பவர்கள் அதனை வேறு போத்தலிற் கொண்டுசெல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாய்க் கலந்தால், திரும்பப் பயன்படுத்தக்கூடிய ஒயிலும் பயனற்றுப் போய்விடும்.